பதினேழாம் நம்பர் சீட்டு

ஜூன் 18 – 2,850
ஜூலை 2 – 2,850
ஜூலை 23 – 2,600
ஆகஸ்ட் 2 – 64
ஆகஸ்ட் 2 – 1,380

முதல் மூன்றும் தோல் ஜாக்கெட்டுகள். நான்காவது பதிவுத் தபால் செலவு. ஐந்தாவது, வேலைக்குப் போகாத மூன்று நாட்களுக்கு அவள் வாங்கிய கூலி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இந்த ஐந்தையும் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தாள். சர்க்கரை டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும். கோபம் ஆறிவிடக் கூடாது.

தெருவில் அவளுக்குப் பெயர் பதினேழு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவள் கணவரே வருஷத்துக்கு ஒருமுறைதான் உபயோகித்தார். தோல் ஜாக்கெட் தைக்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு செக்கர்கள். தைத்து முடிந்த ஜாக்கெட்டைக் கடைசியாகத் தடவிப் பார்த்து, சரி என்றோ கழிவு என்றோ சொல்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று. சரி என்றால், கட்டைவிரல் அகலச் சீட்டில் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் அந்தத் தொகுதியின் லாட் நம்பரைப் பேனாவால் எழுதி, உள்பக்கம் இடது பாக்கெட்டில் போட வேண்டும். அவளுடைய நம்பர் 17. வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருஷம் முத்திரை கை தவறிச் சிமென்ட் தரையில் விழுந்ததில் ஏழின் கால் நுனி உடைந்துபோயிற்று. புதிது தருவதாகச் சொன்னார்கள். அவள்தான் வேண்டாமென்றாள். நொண்டி ஏழு என்றால் அது அவள் பார்த்தது என்று பாக்கிங் பெண்களுக்கெல்லாம் தெரியும்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் கை வழியாகப் போனவற்றில் பாதிக்கு மேல் ராணுவ விமானி மாடல். பழுப்புத் தோல், ரோமக் காலர், தோளில் பட்டை, இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் நூல், கையில் பேனா செருக இரண்டு பை. அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்களில் எவரும் விமானம் ஓட்டியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தோள் மட்டும் எல்லாருக்கும் இரண்டு அங்குலம் அகலமாகிவிடும். அவள் பார்க்கிற முறை இதுதான்: முஷ்டியை மூடி ஜாக்கெட்டின் கைக்குள் விடுவாள், அக்குளுக்கு வந்ததும் விரல்களை விரிப்பாள். தையல் ஒன்று விட்டிருந்தாலும் சுண்டுவிரல் சொல்லிவிடும். கண் தேவையில்லை.

அவள் வேலை பார்த்த தளத்தின் சூப்பர்வைசர் அவளுடைய கொழுந்தன். அவள் வாழ வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு. அவனை உள்ளே சேர்க்க மேலாளரிடம் மூன்று முறை போய் நின்றவளும் அவள்தான். பிறகு அவன் ஏறினான். செக்கராக இருந்தான், எழுத்தரானான், சூப்பர்வைசரானான். அவள் நம்பர் 17 ஆகவே இருந்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

இனி அந்தத் தளத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு செக்கர் ஒருநாள் வரவில்லையென்றால் பக்கத்து மேஜைக்காரிகள் அவள் முத்திரையை எடுத்து அவள் பங்குக்கும் குத்திவிடுவார்கள். கை கொடுப்பது என்று அதற்குப் பெயர். வருகைப் பதிவேட்டில் வந்ததாகச் சூப்பர்வைசர் ஒரு கோடு போட்டுவிடுவார். கூலி பிடிபடாது. அவளும் மற்றவர்களுக்குக் கை கொடுத்திருக்கிறாள். ஜனவரி 20, 21, 22 ஆகிய மூன்று நாட்கள் அவள் ஆஸ்பத்திரியில் மகளின் பிரசவத்துக்கு இருந்தாள். திரும்பி வந்தபோது பதிவேட்டில் மூன்று கோடுகள் இருந்தன. கொழுந்தன் கண்ணடித்துச் சிரித்தான். "பேத்திக்கு என் சீர் அண்ணி" என்றான். அவளும் சிரித்தாள். மூன்று நாள் கூலியை வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து நாற்பத்து மூன்று ஜாக்கெட்டுகள் திரும்பி வந்தன. எல்லாமே லாட் 312. அக்குளில் தையல் பிரிந்திருந்தது. எல்லாப் பாக்கெட்டிலும் நொண்டி ஏழு.

ஏப்ரல் 9, புதன்கிழமை, மேலாளர் அறை. மேஜைமேல் நாற்பத்து மூன்று சீட்டுகளைக் கடலை மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள்.

"இது உன் நம்பர்தானே?"

"நம்பர் என்னுது சார். கை என்னுது இல்ல."

"ஜனவரி இருபத்தொண்ணாம் தேதி பாத்த லாட். அன்னிக்கு நீ வந்தியா, இல்லையா?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பதிவேட்டைப் புரட்டினான். தான் போட்ட கோட்டை முன்பின் பார்த்திராதவன்போல் விரல் வைத்துத் தேடினான்.

"வந்ததா இருக்கு சார்" என்றான்.

வரவில்லை என்று அவள் சொன்னால், வராத நாளுக்குக் கூலி வாங்கியவள் ஆவாள். கை கொடுத்த அத்தனை பெண்களும் மாட்டுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அன்று அவள் கடைசியாகத் தொட்டது லாட் 326.

சைக்கிள் நிறுத்துமிடம் வரை கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போனா ஒரு சம்பளம். நான் போனா என் பிள்ளைங்க படிப்பே போச்சு. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

"என் மனசு எத்தனை சைஸுன்னு நீதான் அளந்து சொல்லணும். சூப்பர்வைசர் ஆச்சே."

"கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க அண்ணி."

"மறக்கட்டும். நான் எழுதி வெச்சுக்கறேன்."

யாரும் மறக்கவில்லை. பதினேழு தூங்கிக்கொண்டே பாஸ் போட்டதாம் என்று தெருவெல்லாம் பேச்சு. எதிர்வீட்டுத் தையற்காரி ஒருநாள் வாசலில் நின்று, "அக்கா, எங்க வீட்டுத் தடியனோட பரீட்சை பேப்பரையும் கொஞ்சம் பாஸ் பண்ணி விடுங்களேன்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். பதினேழும் சிரித்து வைத்தாள். உள்ளே வந்து, கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பேப்பர் ஏஜென்ட் மாதச் சந்தாவுக்கு வந்தார். புது ஜாக்கெட் போட்டிருந்தார்.

"எப்படி இருக்கு, பதினேழக்கா? விமானி மாடல். அசல் தோல். ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பதுதான். உங்க பழைய கம்பெனி கடையிலதான் வாங்கினேன். இதையே வெளியில பதினஞ்சாயிரம் சொல்றான்."

"எதை ஓட்டப் போறீங்க?"

"என் மொபெட்டைத்தான். இதைப் போட்டதுலேர்ந்து முன் சக்கரம் லேசா மேல எழும்புது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாக்கெட்ல உங்க நம்பரைப் பாத்தேன்க்கா. அதான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன். ஊர் ஆயிரம் சொல்லட்டும், நான் நம்பல."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். நொண்டி ஏழு. லாட் 331. அவள் வெளியே வந்து ஐந்து லாட் கழித்துத் தைத்தது.

ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி முஷ்டியைக் கைக்குள் விட்டாள். அக்குளில் சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"ஒரு இடத்துல தையல் விட்டிருக்கு. குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் போட்டு வெக்கறேன். சீட்டு என்கிட்ட இருக்கட்டும்."

அன்று பகல் முழுவதும் அந்தச் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யோசிக்க யோசிக்கத் தெளிவாயிற்று. செத்தவர் பேரில் ஓட்டுப் போடுகிற வேலை. கழிவில் போட வேண்டியதையெல்லாம் எவனோ அவள் நம்பரைக் குத்தி வெளியே தள்ளுகிறான். நாளைக்கு அது திரும்பி வந்தால் யாரைக் கேட்பார்கள்? அந்தப் பதினேழா, அவளைத்தான் அப்போதே துரத்திவிட்டோமே, பழைய சீட்டாக இருக்கும் என்று கையை விரித்துவிடலாம். வேலை போனபோது அவளுக்கு வருத்தம் இருந்தது. இப்போது வருத்தம் போய்க் கோபம் வந்தது. கொழுந்தன் வேலையைப் பிடுங்கினான், சரி. பேரை வைத்துப் பிழைக்கவும் பிழைக்கிறான்.

ஏற்றுமதிக்கு எண்ணியதுபோக மிச்சப்படுகிற ஜாக்கெட்டுகள்தான் தொழிற்சாலையின் மலிவு விலைக் கடைக்கு வரும். ஜூன் 18 அன்று அவள் அங்கே போனாள். வேலை போனபோது கொடுத்த பணத்தில் வங்கியில் போடாமல் வைத்திருந்தது கைப்பையில் இருந்தது. விற்பவர் வழுக்கைத் தலை, கழுத்தில் அளவு நாடா.

"யாருக்கும்மா?"

"பையனுக்கு." அவளுக்கு இருப்பது ஒரே மகள்.

"என்ன சைஸ்?"

"சைஸ் கெடக்கட்டும். பாக்கெட்டைப் பாக்கணும்."

"எல்லாரும் தோளைப் பாப்பாங்க. நீங்க பாக்கெட்டைப் பாக்கறீங்க."

"காசு வெக்கிற எடம் அதுதானே?"

பதினொரு ஜாக்கெட்டுகளின் பாக்கெட்டுகளில் கை விட்டுப் பார்த்தாள். இரண்டில் 17 இருந்தது. மோசமானதை எடுத்துக்கொண்டாள். லாட் 332. பில்லில் லாட் நம்பரையும் எழுதச் சொன்னாள். இப்படியொரு வாடிக்கையாளரைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். ஜூலை 2 அன்று லாட் 334. ஜூலை 23 அன்று, மழைக்காலத் தள்ளுபடியில், லாட் 337.

மூன்றாவது தடவை அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, வீட்டுல விமானப்படையே வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. மேல பறக்கற ஒருத்தனைக் கீழ இறக்கணும், அவ்வளவுதான்."

பீரோவில் மூன்று ஜாக்கெட்டுகள் தொங்குவதைக் கணவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் மோட்டார் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார்.

"என்ன இது, எட்டாயிரத்துக்குத் தோலு?"

"எட்டாயிரத்து முந்நூறு. உங்க தம்பியோட வாய் சாமர்த்தியத்துக்கு ஒண்ணு பத்தாதுங்க."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு ஜாக்கெட்டின் பாக்கெட்டில் கையை விட்டார், சீட்டைப் படித்தார், திரும்ப வைத்தார். "அவனாத்தான் இருக்கும்னு எப்படிச் சொல்ற?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான். அவளிடம் அதற்குச் சாட்சி இல்லை.

புகார்க் கடிதத்தை அவள் முதலாளிக்கு எழுதவில்லை. வீட்டுச் சண்டையை வீட்டில் தீர்த்துக்கொள் என்பார். ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையில் முகவரி இருந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல மகள் மடியில் குழந்தையோடு கணினியில் அடித்தாள்.

"அம்மா, அந்த மூணு நாள் கூலி விஷயத்தை விட்டுடலாம்மா. நீயே உன் கழுத்துல கயிறு மாட்டிக்கற மாதிரி இருக்கு."

"அதை விட்டா மீதி எதையும் நம்ப மாட்டாங்க. போடு."

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் என்று அவள் கையெழுத்துப் போட்ட தாள், மூன்று பில், நான்கு சீட்டின் நகல் எல்லாம் உள்ளே போயின. மூன்று நாள் கூலி 1,380ஐத் தொழிற்சாலைக்கு மணியார்டர் செய்து அந்த ரசீதின் நகலையும் வைத்தாள். கை கொடுத்த பெண்களில் ஒருத்தி பேரையும் எழுதவில்லை. கேட்டது இரண்டுதான். லாட் 312ஐத் தன் தலையிலிருந்து எடுக்க வேண்டும். 17ஆம் நம்பர் முத்திரை தன்னிடம் வர வேண்டும். கொழுந்தனை என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அதை எழுதிக் கேட்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, கடிதம் போயிற்று. மறுநாள் கொழுந்தனை வரச் சொன்னாள்.

அவன் பதினொரு மணிக்கு வந்தான். ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான் வாசல்படி ஏறுகிறான். முகத்தில் ஒரு நிம்மதி. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மேலே விளக்கைத் தாழ்த்திக் கட்டியிருந்தாள். கணவர் நாற்காலியில் இருந்தார். தேநீர் கொடுத்தாள்.

"உங்க அண்ணனுக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினேன். எனக்கு இப்பல்லாம் கை சரியில்ல. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணனுக்கா? இதைப் போட்டுக்கிட்டு எந்த மோட்டாரைக் கழட்டப் போறாரு?"

ஆனால் ஜாக்கெட்டை மேஜையில் பரப்பியதும் அவன் விரல்கள் தாமாக ஓடத் தொடங்கின. காலரைச் சுற்றி வந்தன. ஜிப்பின் அடியை இழுத்துப் பார்த்தன. முஷ்டி கைக்குள் போயிற்று, அக்குளில் விரிந்தது. அவள் பார்க்கிற அதே முறை.

"எத்தனை?" என்றாள்.

"நாலு அண்ணி. காலர் உள்தையல் பிடிக்கல. ஜிப் அடியில கட்டு இல்ல. வலது கைத் தோல் வேற நிறம். அக்குள்ல மூணு தையல் விட்டிருக்கு."

"பாஸா, கழிவா?"

"கழிவுதான், இதுல என்ன சந்தேகம்? எவன் இதை வெளிய விட்டது?" என்றபடி இடது பாக்கெட்டுக்குள் கையை விட்டான். விட்ட கை அப்படியே நின்றது.

"எடு."

"அண்ணி..."

"எடுத்து உங்க அண்ணனுக்குப் படிச்சுக் காட்டு."

"பதினேழு" என்றான்.

"லாட்?"

"முந்நூத்தி முப்பத்திரெண்டு."

கணவர் எழுந்தார். "யார்றா குத்தினது?"

"மாசக் கடைசியில எண்ணிக்கை முடியலண்ணே. மேலேர்ந்து கத்தறானுங்க. மத்த பொம்பளைங்க யாரும் அவங்க ஸ்டாம்பைக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அண்ணியோடது டிராயர்ல சும்மா கெடந்துச்சு..."

"கெடந்துச்சா?" என்றாள் அவள். குரல் ஏறவில்லை. "முந்நூத்திப் பன்னெண்டு?"

"அதுவும் நான்தான். உங்களுக்கு நல்லது பண்ணத்தானே அண்ணி. கூலி போகக் கூடாதேன்னு."

"குத்தினது நல்லதுக்குத்தான். அதை அந்த ரூம்ல சொல்லாம இருந்தியே, அது எதுக்கு?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேஜையைப் பார்த்தார்.

"நாளைக்கே மேலாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், லெட்டர் கிட்டர் ஏதும் எழுதிடாதீங்க."

அவள் அலமாரியைத் திறந்து தபால் ரசீதை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தாள். "நேத்து பத்தரை மணிக்கே போயாச்சு."

"அப்புறம் எதுக்கு என்னை உக்கார வெச்சு இவ்வளவும்?"

"கழிவுன்னு உன் வாயால சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. தேத்தண்ணி ஆறிப்போச்சே, வேற போடட்டா?"

அவன் போன பிறகு கணவர், "என்ன இருந்தாலும் அவன் என் தம்பி" என்றார்.

"தெரியும். அப்படி நெனச்சுத்தான் இத்தனை வருஷம் நானும் சோறு போட்டேன்."

பத்தொன்பது நாட்கள் அவர் அவளோடு பேசவில்லை. ஆகஸ்ட் 22 அன்று வெளிநாட்டுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர்தான். வேறு வழியில்லாமல், "உனக்கு லெட்டர்" என்றார். கடிதம் கிடைத்தது, ஆள் அனுப்புகிறோம் என்று இரண்டே வரி. செப்டம்பரில் இருவர் வந்தார்கள். ஜாக்கெட்டுகளைப் படம் எடுத்தார்கள், சீட்டுகளை வாங்கிக்கொண்டார்கள், அங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்குப் போய் சூப்பர்வைசரின் டிராயரைத் திறந்தார்கள். உள்ளே இருந்த 17ஆம் நம்பர் முத்திரையில் மை ஈரமாக இருந்ததாம். செப்டம்பர் 26 அன்று வந்த இரண்டாவது கடிதம் அதை அப்படியே சொன்னது. அக்டோபர் 10 அன்று அவனை வெளியே அனுப்பினார்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டியை எடுக்க வேண்டும்.

கொழுந்தன் மனைவி வந்து வாசலில் நின்று கத்தினாள். "அஞ்சு மணிக்குப் பல்லு கிடுகிடுக்கப் போறாரு! இப்ப உங்க வயிறு குளுந்துச்சா அக்கா?"

"இன்னும் இல்ல" என்றாள் பதினேழு. "ஸ்டாம்பு வரல."

அதற்குள் அவள் லாட் 332ஐப் பிரித்துத் தைத்து முடித்திருந்தாள். தோலில் பழைய துளைகள் அப்படியே இருக்கும். புதிதாகக் குத்தினால் கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு துளையாகத் தேடி, கையாலேயே நூலை விட்டாள். மூன்று வாரம் பிடித்தது. ஜாக்கெட்டின் சைஸ் நாற்பத்திரண்டு. கணவருக்கு முப்பத்தெட்டு போதும். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மற்ற இரண்டில் ஒன்று மருமகனுக்குப் போயிற்று, ஒன்று அவருக்கு.

மூன்றாவது தபால் கனமாக வந்தது. லாட் 312க்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று பதிவைத் திருத்தியாயிற்று. பொய் வருகைக்காக வேலைநீக்கம் நீடிக்கும். திரும்ப வேலை கிடையாது. 1,380 வரவு வைக்கப்பட்டது. 17ஆம் நம்பர் இனி யாருக்கும் தரப்படாது. உறையைக் கவிழ்த்தாள். பஞ்சில் சுற்றிய முத்திரை மேஜையில் விழுந்தது.

அவள் முதலில் ஏழின் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு மையில் ஒற்றி, துணித்துண்டு ஒன்றில் குத்தினாள். ஜாக்கெட்டின் இடது பாக்கெட்டைத் திருப்பி, அந்தத் துண்டை நாலு பக்கமும் மெழுகு நூலால் தைத்தாள். முடிச்சுகளை உள்ளே மறைத்தாள். கணவரைக் கூப்பிட்டாள்.

"உங்க தம்பிகிட்ட குடுத்துடுங்க. விடிகாலையில வண்டி ஓட்டறான், குளுரும்."

அவர் முகம் மலர்ந்தது. "மன்னிச்சிட்டியா?"

"பாக்கெட்ல கைய விட்டுப் பாருங்க."

விட்டார். விரல் அந்தச் சதுரத்தில் பட்டது. முகம் பழையபடி ஆயிற்று.

"இதை அவன் பிச்சுட்டா?"

"பாக்கெட்டும் சேந்து வரும். அப்படித்தான் தச்சிருக்கேன்."

அவர் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தார். பிறகு மடித்து, பையில் போட்டு, செருப்பை மாட்டினார். வெளியே காற்று சில்லென்றிருந்தது. தம்பி இதைப் போடுவான், போடாமல் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

துண்டில் லாட் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் அவள் ஒரு தேதியை எழுதியிருந்தாள். கடைசிக் கடிதம் வந்த தேதி: நவம்பர் 21, வெள்ளிக்கிழமை.